ஒன்பது ஐம்பதுக்கு அணையும் புள்ளி

எனக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை என்று என் அம்மா சொல்வாள். அந்தச் செவ்வாய்க்கிழமை காரணங்கள் தாராளமாகவே இருந்தன. முப்பத்திரண்டாம் பிளாக்கில் லிஃப்ட் ஓடவில்லை. தோளில் ஆறு கிலோ எடையில் அலை அளக்கும் கருவியோடு ஒன்பது மாடி ஏறினேன். மூன்று வாரத்தில் ஒரே வீட்டிலிருந்து ஐந்தாவது புகார். முந்தைய நான்கையும் "கோளாறு ஏதுமில்லை" என்று எழுதி மூடியவள் நான்தான்.

சென்னைக்குத் தெற்கே ஏரியில் மண்கொட்டிக் கட்டிய குடியிருப்பு அது. துறைமுகத்தை ஒட்டிக் குடிசை போட்டிருந்தவர்களை லாரியில் ஏற்றிவந்து இங்கே அடுக்கினார்கள். நாற்பது பிளாக், ஒவ்வொன்றிலும் பதினான்கு மாடி, மாடிக்கு இருபத்திரண்டு வீடு, வீட்டுக்குப் பத்துக்குப் பத்தில் ஓர் அறை. வேலைக்கு ஊருக்குள் போய்வர பஸ்ஸிலேயே நாலு மணி நேரம் தொலைந்துவிடும். அதனால் வேலை காற்றில் வந்தது. தலையில் கண் மறைக்கும் திரைக் கவசத்தை மாட்டிக்கொண்டு, கையில் இரண்டு பிடியை வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்தே ஏதோ ஒரு தேசத்தில் வண்டி ஓட்டுவார்கள், கிடங்கில் பெட்டி அடுக்குவார்கள். அதற்கான வலையைப் போட்டது எங்கள் கம்பெனி. ஒவ்வொரு மாடி நடைவழியிலும் கூரையில் ஒரு வெள்ளைத் தட்டு. அதற்குள் பதினாறு ஆன்டெனா. அதைப் பராமரிக்கும் களப் பொறியாளர்களில் ஒருத்தி நான். பெயர் புனிதவதி.

ஒன்பதாவது மாடி நடைவழி பளிச்சென்று இருந்தது. அதைப் பார்த்தபோது மட்டும் அன்று மனசு கொஞ்சம் ஆறியது. ஏனென்றால் அது என் வேலை. முன்பெல்லாம் இங்கே ஒரு ஆள் நேராக நடக்க முடியாது. உள்ளே இடமில்லாததால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் எவர்சில்வர் அண்டா, குடம், தட்டு ஸ்டாண்டு என்று எல்லாவற்றையும் வாசலுக்கு வெளியே வரிசை கட்டியிருந்தார்கள். உலோகம் அலைக்குப் பகை என்று படித்தவள் நான். "நடைவழியிலுள்ள உலோகப் பொருள்கள் அனைத்தையும் அகற்றவும்" என்று கணக்கெடுப்பு அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கம்பெனி அதை உத்தரவாக்கியது. பெண்கள் இரண்டு நாள் என்னைத் திட்டினார்கள். அப்புறம் பழைய பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டுப் பிளாஸ்டிக் டிரம் வாங்கிக்கொண்டார்கள்.

கதவு திறந்திருந்தது. புகார் கொடுத்த ரூபாவதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், கவசம் அழுத்தி நெற்றியில் நிரந்தரமாக ஒரு கோடு.

"வா மேடம். அஞ்சாவது தபா. நெட்டு சோக்கா கீதுன்னு எழுதிட்டு எறங்கிப் போயிடாத. இன்னான்னு பாத்து சொல்லு."

"என்ன ஆகுதுக்கா?"

"கிரேனு இழுக்குது. நான் கைய நிறுத்துனா அது நிக்கல. ஒரு நொடி தாண்டி நிக்குது. ஏற்கெனவே ரெண்டு வாரம் ஸ்கோர் போச்சு, ரெண்டு சிவப்புக் கோடு. வுழுந்த கோடு அழியாது. மூணாவதா ஒரு வாரம் எண்பத்தஞ்சுக்குக் கீழ போச்சுன்னா கிரேன் கம்பெனிக்காரன் பேர எடுத்துருவான். அப்பால எங்க போறது?"

ரூபாவதி காலை பத்திலிருந்து இரண்டு வரை வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் கன்டெய்னர் தூக்கும் கிரேனை ஓட்டுகிறவர். அந்த வீட்டின் ஒரே வருமானம் அது. சுவரோரம் இரும்புக் கட்டிலில் அவர் கணவர் எத்திராஜ் படுத்திருந்தார். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது, தம் கட்டினால் ஒன்றிரண்டு வார்த்தை வரும் என்றார் ரூபாவதி. அதற்கு முன்பு இருபது வருடம் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டியவர்.

கருவியை விரித்துப் பார்த்தேன். தட்டு நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல். கோளாறே இல்லாத ஒரு பொருளை எப்படிச் சரி செய்வது? அரை மணி நேரம் கழித்து எத்திராஜின் வலது மணிக்கட்டில் இருந்த கறுப்புப் பட்டையைக் கவனித்தேன்.

"இது என்ன அக்கா?"

"ஆஸ்பத்திரில குடுத்த பேண்டு. நெஞ்சுத் துடிப்பு பாக்குது. அந்த நாலு மணி நேரம் என் கண்ணு காது ரெண்டும் கவசத்துக்குள்ள. அவருக்கு ஒண்ணுன்னா எனக்குத் தெரியாது. பேண்டுதான் கீழ நர்ஸம்மாக்கு சொல்லும்."

"இதுதான் விஷயம்" என்றேன். "பழைய பெட்டிக்கெல்லாம் ஒரே வாய். ஒருத்தர்கிட்ட பேசி முடிச்சுட்டுத்தான் அடுத்தவர்கிட்ட பேசும். இந்தத் தட்டுக்குப் பதினாறு வாய். ஒரே நேரத்துல பல பேர்கிட்ட தனித்தனியா பேசும். அதனாலதான் ஒரு மாடி முழுக்க வேலை ஓடுது. ஆனா அதுக்கு ஆள் யாருன்னு பிரிச்சுத் தெரியணும்."

"அதுக்கு எப்படித் தெரியும்? கண்ணா கீது?"

"கண்ணு இல்ல. உங்க கருவியோட சத்தம் எந்தப் பக்கமா, எந்த வழியா வருதுன்னு பார்க்கும். ரெண்டு பேர் சத்தமும் ஒரே வழியா வந்தா அதுக்கு ரெண்டு பேரும் ஒருத்தர்தான். நீங்க உட்கார்ற இடமும் அவரு கட்டிலும் கை நீட்டுற தூரம். அதனால மாத்தி மாத்திப் பேசுது. உயிர் சமாச்சாரம்னு பேண்டுக்குத்தான் முதல் மரியாதை, அது சட்டம். அது பேசி முடிக்கிற வரைக்கும் உங்க கிரேன் காத்திருக்கு."

"ஒயரு இழுத்து வுடேன்."

"ஒப்பந்தத்துல ஒயரே கிடையாதுக்கா."

"அப்ப நாற்காலிய அடுப்பாண்ட போட்டுக்கட்டா?"

போட்டுப் பார்த்தோம். அங்கே சுவர் மறைத்து சிக்னலே வரவில்லை. கட்டிலை நகர்த்தினால் கழிப்பறைக் கதவு திறக்காது. பத்துக்குப் பத்தில் எவ்வளவுதான் நகர்த்துவது? எனக்கு மண்டை காய்ந்தது. அந்த எரிச்சலில்தான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

"சுருக்கமா சொல்றேன் அக்கா. இந்த ரூம்ல ரெண்டு பேர்ல ஒருத்தரைத்தான் அந்தத் தட்டு ஒழுங்கா கவனிக்க முடியும்."

ரூபாவதி கவசத்தைத் துடைக்க ஆரம்பித்தார். கட்டிலில் இருந்த மனிதர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும், புத்தியும் தெளிவாக இருக்கிறது என்று ரூபாவதி வந்தவுடனேயே சொல்லியிருந்தார். நான்தான் அவர் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டிருந்தேன், அறையில் கிடக்கும் இன்னொரு சாமானைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

"கீழ டிரெய்லர்ல ஒரு ஆளு உட்காந்துகினு கீறான் மேடம்" என்றார் ரூபாவதி கடைசியில். "அவன் தல மேல நான் இருவது டன் எறக்குறேன். அந்த ஒரு நொடி எனக்கு இன்னா பேஜாருன்னு இவருக்குத்தான் தெரியும். இவரு இருவது வருசம் கீழ உட்காந்தவரு."

எத்திராஜ் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் கருவியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன்.

இறங்குமுன் தட்டின் அமைப்பில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். தட்டு வீசும் அலைக் கற்றையின் அகலத்தைக் கொஞ்சம் குறைத்தேன். வேலைக்கு ஆகும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. ஏதாவது செய்தேன் என்று எழுத வேண்டுமே.

மறுநாள் அந்த வீட்டு ஸ்கோர் தொண்ணூற்றாறு. அதற்கு மறுநாள் தொண்ணூற்றேழு. அந்த வாரம் முழுக்க அப்படி, அடுத்த வாரமும் அப்படி. இரண்டாவது வெள்ளிக்கிழமை ரூபாவதி எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். எண்ணெய் மிதக்கும் சங்கரா மீன் குழம்பு, தூக்குவாளி நிறைய.

"உன் கைக்கு மோதிரம் போடணும் மேடம். வெண்ண மாதிரி எறங்குது கிரேனு. உன்ன இன்னா இன்னாவோ திட்டிட்டேன், மனசுல வச்சுக்காத."

நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்? எனக்கு ஒரே பெருமை. ஆறு வருடத்தில் இந்த வேலைக்கு யாரும் எனக்குக் குழம்பு கொண்டுவந்ததில்லை. அன்றே உட்கார்ந்து இரண்டு பக்கம் அறிக்கை எழுதினேன். அருகருகே உள்ள கருவிகளைக் கற்றை அகலத்தைக் குறைத்துப் பிரிப்பது எப்படி என்று. பிராந்திய மேலாளர் கிருபாகரன் சார் தானே அழைத்தார்.

"பிரமாதம் புனிதா. புது ஆன்டெனா இல்லாம, புதுச் செலவு இல்லாம. இதை நாற்பது பிளாக்குக்கும் கொண்டு போறோம்."

திங்கட்கிழமை காலை நர்ஸ் மேசையிலிருந்து ஒரு தகவல் வந்திருந்தது. "ஒன்பதாவது மாடி, எத்திராஜ் என்பவரின் கருவி கடந்த இரண்டு வாரமாகத் தினமும் 9.50 முதல் 1.55 வரை மௌனம். வலைக் கோளாறா, அல்லது வீட்டார் கழற்றுகிறார்களா எனத் தெரிவிக்கவும்." குளிக்க, சார்ஜ் போட என்று கழற்றுவார்கள் என்பதால் நாலு மணி நேரம் வரை அவர்கள் கண்டுகொள்வதில்லை. தினமும் ஐந்து நிமிடம் தாண்டியதால் அவர்கள் பட்டியலில் மாட்டிக்கொண்டது. வீட்டார் கழற்றுகிறார்கள் என்றால் இலவசக் கண்காணிப்பை நிறுத்திப் பட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

பதிவுகளைத் திறந்தேன். தட்டு பார்க்கிற ஒவ்வொரு கருவியும் என் திரையில் ஒரு புள்ளி. தினமும் 9.48க்கு எத்திராஜின் புள்ளி நடுங்க ஆரம்பிக்கிறது. இரண்டு நிமிடம் தாறுமாறாக நடுங்குகிறது. 9.50க்கு அணைகிறது. பத்து மணிக்கு ரூபாவதியின் வேலை தொடங்குகிறது. இப்படி இன்றோடு ஒன்பது வேலைநாள். ஆரம்பம், நான் போய்ப் பேசிவிட்டு வந்ததற்கு மறுநாள்.

என் கற்றையும் வேலை செய்யவில்லை, அகலமும் வேலை செய்யவில்லை. தட்டுக்கு அந்த அறையில் ஒருவர்தான் இருந்தார், அதனால் ஒருவர் ஒழுங்காகத் தெரிந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. வாதம் வந்து கிடக்கிற மனுஷனின் பட்டையைக் கழற்றிவிட்டுச் சம்பாதிக்கிறதா ஒரு பொம்பளை? அதோடு எனக்கு மீன் குழம்பு வேறு. ஒன்பது மாடியும் எப்படி ஏறினேன் என்றே தெரியவில்லை.

இரண்டு மணி அடித்து வேலை முடிந்ததும் உள்ளே போனேன்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?"

"இன்னா பண்ணேன்?"

"தினம் பத்து மணிக்கு முன்னாடி அவர் பேண்டைக் கழட்டி வச்சிடறீங்க. எனக்கு எல்லாம் தெரியும். என் திரையில இருக்கு."

ரூபாவதி என்னையே பார்த்தார். முகத்தில் முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் காது வரை சிவந்தது.

"இன்னா பேசுற நீ? நான் கழட்டுவனா? எம் புருசன் கையில இருந்து நான் கழட்டுவனா? தோ பாரு, அவரு கையில கீது. காலைல கட்டுனது." குரல் உடைந்தது. "நீ சரி பண்ணிட்டேன்னு நினைச்சு உனக்குக் கொழம்பு கொண்டாந்தனே. போறியா இல்லியா இங்கிருந்து."

பட்டை மணிக்கட்டில்தான் இருந்தது. ஆனால் பூட்டு சரியாக மாட்டவில்லை. பூட்டின் ஓரத்தில் பல் கடித்த தடம் வரிவரியாக இருந்தது. நானும் பார்த்தேன், ரூபாவதியும் பார்த்தார். இருவரும் ஒன்றாக எத்திராஜைப் பார்த்தோம். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடது கையும் பல்லும்தான். தினமும் இரண்டு நிமிடம் போராடிக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து கவசம் துடைத்துக்கொண்டிருந்த மனைவிக்கு முதுகைக் காட்டியபடி. இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது திரும்ப மாட்டிக்கொண்டிருக்கிறார்.

"பாவி மனுசா" என்றார் ரூபாவதி. கணவர் தோளில் ஒரு அடி வைத்தார். அப்புறம் அந்தத் தோளிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டார். "நான் கண்ணு தெரியாம கிரேன் ஓட்டிக்கினு இருக்கறப்ப உனக்கு ஒண்ணு ஆயிருந்தா? ரெண்டு மணிக்கு கவசத்த எடுத்துட்டு நான் இன்னாத்தப் பாத்திருப்பேன்?"

எத்திராஜ் தம் கட்டி ஒரு வார்த்தை சொன்னார். "கீழ... ஆளு."

டிரெய்லரில் உட்கார்ந்திருக்கும் ஆளைச் சொல்கிறார் என்று எனக்கு உடனே புரியவில்லை. ரூபாவதிக்குப் புரிந்தது. பழைய புடவையிலிருந்து ஒரு நாடா கிழித்து, பட்டையைச் சேர்த்துச் சுற்றி, ஒரு கையாலும் பல்லாலும் அவிழ்க்க முடியாதபடி மூன்று முடிச்சுப் போட்டார்.

"வேல போனா போவுது" என்றார் என்னிடம். நான் கருவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்த மனுஷனை இந்த நிலைக்குப் பேசிப் பேசிக் கொண்டுவந்தவள் நான், மன்னிப்பு என்று ஆரம்பித்திருந்தால் ரூபாவதி என்னைப் படியில் உருட்டிவிட்டிருப்பார், நியாயம்தான்.

செவ்வாய்க்கிழமை ஸ்கோர் எழுபத்தெட்டு. மீதி நாளும் இப்படிப் போனால் சனிக்கிழமை மூன்றாவது கோடு விழும்.

அன்று முழுக்க அந்த பிளாக்கில் பேய் பிடித்தவள் கணக்காக அலைந்தேன். ஒவ்வொரு மாடித் தட்டும் ஒரே நேரத்தில் எத்தனை பேரைத் தனித்தனியாகப் பிரிக்கிறது என்று அளந்தேன். ஒன்பதில் நான்கு பேர். பத்தில் நான்கு. எட்டில் ஐந்து. ஏழாவது மாடியில் பதினொன்று. கருவி தப்பு என்று நினைத்து அணைத்துப் போட்டேன். மறுபடி பதினொன்று. அதே தட்டு, அதே ஆன்டெனா, அதே மென்பொருள். ஆத்திரத்தில் திரும்பினேன், முழங்கால் ஒரு அண்டாவில் போய் இடித்தது. வலி உயிர் போனது.

"பாத்துப் போ மேடம். என் அண்டா நசுங்கிறப் போவுது" என்று ஒரு குரல் வந்தது. மரியபுஷ்பம். ஏழாவது மாடிப் பெண்களுக்கு அவர்தான் தலைவி. என் உத்தரவைக் கிழித்து என் கையிலேயே கொடுத்தவர். "எடுக்க மாட்டோம்னு சொன்னது ஞாபகம் கீதா? இன்னும் எடுக்கல. எழுதிக்கோ."

நடைவழியைப் பார்த்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அண்டா, குடம், தவலை, தட்டு ஸ்டாண்டு. முழங்காலைப் பிடித்தபடி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா மேடம், அடி பலமா?"

"பலம்தான்" என்றேன்.

கிருபாகரன் சாரை அங்கிருந்தே அழைத்தேன்.

"சார், காலியான நடைவழியில எல்லார் சத்தமும் ஒரே நேர்வழியா தட்டுக்கு வருது. அதால ஆளைப் பிரிக்க முடியல. ஏழாவது மாடி மாதிரி பாத்திரம் இருந்தா பட்டுத் தெறிச்சு ஒவ்வொருத்தர் சத்தமும் ஒவ்வொரு வழியா போய்ச் சேருது. கை நீட்டுற தூரத்துல இருக்கிற ரெண்டு பேர் கூட தனித்தனியா தெரியறாங்க. பல ஆன்டெனா வச்சதோட முழுப் பலனும் அந்த எதிரொலியிலதான் சார் இருக்கு. அதை நான் துடைச்சு எடுத்துட்டேன்."

மறுமுனையில் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"புனிதா, உங்க கணக்கெடுப்பு அறிக்கையை வச்சு நாற்பது பிளாக்கும் காலி பண்ணியாச்சு."

"தப்பு சார். என் தப்பு. எழுதித் தரேன்."

"எழுத்துல மட்டும் கொடுத்துடாதீங்க. அது மேல நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன். வேணும்னா நடைவழியில பிரதிபலிப்பான் வைக்க அனுமதின்னு புதுசா ஒரு கோப்பு போடுங்க. மூணு மாசத்துல பார்ப்பாங்க."

"மூணு நாள்தான் சார் இருக்கு."

"அது சரி, ஏழாவது மாடி ஏன் இன்னும் காலியாகல?"

போனை வைத்துவிட்டேன். திட்டுவதற்கு எனக்கு வார்த்தை பஞ்சமே இல்லை. அன்று திட்டாமல் படியிறங்கினேன்.

ஒன்பதாவது மாடிக்காரர்களிடம் இப்போது பிளாஸ்டிக் டிரம்தான் இருந்தது. ஏழாவது மாடியில் கேட்டு வாங்கினால், அங்கே நடைவழி காலியாகி அவர்கள் வேலை போகும். மேடவாக்கத்தில் கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை ஒன்று உண்டு. அங்கே போனேன்.

"எத்தனை பேருக்குச் சாப்பாடும்மா?" என்றார் கடைக்காரர்.

"சாப்பாடு இல்ல. பாத்திரம் மட்டும். எவர்சில்வர், பித்தளை, எது இருந்தாலும். அம்பது உருப்படி."

"புதன்கிழமை ஒரு நாள் தரேன். வியாழன் முகூர்த்தம். விடிஞ்சதும் வண்டி வந்து எடுத்துக்கும். ஒரு கரண்டி குறையக்கூடாது."

புதன்கிழமை காலை அவர் ஆட்களும் நானுமாக ஒன்பது மாடி ஏற்றினோம். வாசலுக்கு வாசல் பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"எடுன்னு சொன்ன வாயே வைன்னு சொல்லுதா?" என்றார் ஒருவர்.

"ஆமாம்" என்றேன். வேறென்ன சொல்ல?

பழைய மாதிரியே வரிசை கட்டினோம். அண்டாக்களை இடமும் வலமுமாகத் தள்ளி, குடங்களைப் படுக்கவைத்து, தாம்பாளங்களைச் சுவரில் சாய்த்து. ஒன்பது ஐம்பதுக்கு என் திரையில் அந்த அறையில் இரண்டு புள்ளிகள் தெரிந்தன. ஒன்றையொன்று தொடாமல், தெளிவாக. ரூபாவதி கவசத்தை மாட்டிக்கொண்டு நாலு மணி நேரம் கிரேன் ஓட்டினார். எத்திராஜ் பட்டையோடு பக்கத்தில் கிடந்தார். ஸ்கோர் தொண்ணூற்றேழு.

இரண்டு மணிக்கு ரூபாவதி கவசத்தைக் கழற்றினார். கையைப் பார்த்துக்கொண்டார். அப்புறம் கணவரின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

"கட்டிக்கினுதான் ஓடுச்சா?"

"கட்டியிருந்தப்பவே ஓடுச்சு அக்கா."

இந்தத் தடவை நான் அவர் தலைக்கு மேல் பேசவில்லை. கட்டிலருகே தரையில் உட்கார்ந்து திரையை எத்திராஜ் கையில் கொடுத்தேன். "இது நீங்க. இது அக்கா. ரெண்டு பேரையும் தட்டு தனித்தனியா பார்க்குது. நான் முன்னாடி சொன்னது தப்பு. ஒருத்தரைத்தான் பார்க்க முடியும்னு சொன்னேன் பாருங்க, அது தப்பு. நீங்க இனிமே இதைக் கழட்ட வேண்டியதில்ல."

அவர் திரையை வெகுநேரம் பார்த்தார். இடது கட்டை விரலால் ஒரு புள்ளியைத் தொட்டார், பக்கத்துப் புள்ளியைத் தொட்டார். கதவு வழியாக வெளியே வரிசையாக நின்ற கல்யாணப் பாத்திரங்களைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் கடையின் பெயர் பெரிதாகப் பொறித்திருந்தது. இருபது வருடம் அடுத்தவன் சரக்கை ஏற்றி இறக்கிய மனிதருக்கு எது இங்கேயே தங்கும், எது திரும்பிப் போகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் முகத்தைப் பார்த்தார். தம் கட்டினார். கழுத்து நரம்பு புடைத்தது.

"நாளைக்கு?" என்றார்.

ரூபாவதியும் என்னைப் பார்த்தார். மூன்று மாதத்தில் கோப்பு நகரும் என்று சொல்லியிருக்கலாம். சனிக்கிழமைக்குள் ஏதாவது செய்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். இந்த வீட்டில் நான் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்துக்கும் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். எழுந்து வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் கடை வண்டி வந்து பாத்திரங்களை எடுத்துப் போனது. கரண்டி குறையவில்லை. நான் அலுவலகத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாவது மாடி அறையில் இரண்டு புள்ளிகளும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகக் குழம்பியிருந்தன. மணி 9.48 ஆயிற்று. எத்திராஜின் புள்ளி நடுங்க ஆரம்பிக்கும் என்று பார்த்தேன். நடுங்கவில்லை. 9.49. நடுங்கவில்லை. மூன்று முடிச்சு பிடித்துக்கொண்டிருக்கிறது, வேலை போனாலும் போகட்டும் என்று அந்த அம்மா முடிவு செய்துவிட்டார் என்று நினைத்து மூச்சு விட்டேன்.

9.50க்குப் புள்ளி அணைந்தது. நடுக்கமே இல்லாமல், சட்டென்று. இரண்டு கையும் நன்றாக இருக்கிற ஒருவர் நிதானமாக முடிச்சை அவிழ்த்து, பூட்டை நீக்கி, எடுத்து வைத்த மாதிரி.

பத்து மணிக்கு ரூபாவதியின் வேலை தொடங்கியது. ஸ்கோர் தொண்ணூற்றாறு. கற்றை அகல மாற்றம் இன்றுமுதல் நாற்பது பிளாக்கிலும் அமலுக்கு வருகிறது என்று கிருபாகரன் சாரிடமிருந்து எல்லோருக்கும் வாழ்த்து வந்தது. அதில் என் பெயர் இருந்தது.

திங்கட்கிழமை அந்த அம்மாவை, செய்யாத ஒன்றுக்காக நிற்கவைத்துக் கேள்வி கேட்டேன். அன்று அவ்வளவு வாய் இருந்தது எனக்கு.

நாலு மணி நேரம் முடிந்ததும், சரியாக 1.50க்கு நர்ஸ் மேசையிலிருந்து மறுபடி தகவல் வந்தது. திங்கட்கிழமை கேட்டதற்கே நான் இன்னும் பதில் போடவில்லை. "எத்திராஜ் கருவி 9.50 முதல் மௌனம். வலைக் கோளாறா, வீட்டார் கழற்றுகிறார்களா? உடனே தெரிவிக்கவும்."

அந்த வீட்டின் புகாருக்கு நான்கு முறை "கோளாறு ஏதுமில்லை" என்று எழுதியவள் நான். ஐந்தாவது முறையாக விசைப்பலகையை இழுத்தேன். "வலைக் கோளாறு" என்று அடித்தேன். "எங்களுடையது" என்று சேர்த்து அனுப்பினேன்.